கிராதியும் வாசலும்: பழைய கோவாவிலிருந்து முளகுமூடு வரை

(நாகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் நேரம் கருதிச் சுருக்கிய சில பகுதிகள் இங்கே விரிவாகத் தரப்பட்டுள்ளன.)



சவேரியார் திருவிழாவுக்கு இந்த மாவட்டமே விடுமுறை விடுகிறது. டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாற்றில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்குப் பழைய கோவாவிலும் அப்படித்தான். நம் ஊர்களிலிருந்து அங்கே போகிறவர்கள் பாம் ஜேசு பேராலயத்தில் சவேரியாரை வணங்குகிறார்கள், எதிர்ப்பக்கத்துச் சே பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள், ஊர் திரும்புகிறார்கள். பாம் ஜேசுவுக்கு மேற்கே நிலம் மேடேறுகிறது. அந்த மேட்டின் மேல் மூன்று தளம், தடித்த முட்டுச்சுவர்கள், நீண்ட மதில் என்று ஒரு கட்டடம் நிற்கிறது. பார்த்தவுடன் கோட்டை என்றுதான் தோன்றும். உண்மையில் அது ஒரு கன்னியர் மடம். பெயர் சாந்தா மோனிக்கா. ஆசியாவின் முதல் கன்னியர் மடம் என்று அதைச் சொல்வது வழக்கம்.

அந்த மடத்துக் கோயிலையும் நம் மாவட்டத்து முளகுமூட்டையும் ஒன்றாக வைத்துப் பேசவே வந்திருக்கிறேன். ஒன்றின் அடிக்கல் 1606-ல். மற்றதில் கன்னியர் வந்து இறங்கியது 1897-ல். இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைத் தழுவிய மரபில் வந்த பெண்கள். ஆனால் அவர்கள் வாழ்ந்த கட்டடங்களுக்கு ஒன்றோடொன்று சாயலே இல்லை. ஏன் என்று யோசித்ததில் பிறந்ததுதான் இந்தப் பேச்சு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கோயில்களைப் பற்றி எழுதும்போது முகப்பைப் பார்த்து கோதிக் என்றோ பரோக் என்றோ பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மடத்துக் கோயிலுக்கு அது போதாது. பூசை நேரத்தில் கன்னியர் எங்கே நின்றார்கள், எந்த வழியாக உள்ளே வந்தார்கள், அவர்களுக்கும் ஊராருக்கும் நடுவில் என்ன இருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால் அந்தக் கோயிலின் வரலாறு பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். சுவரின் பருமன், வாசலின் இடம், மாடத்தின் உயரம் எல்லாம் அந்த விடையிலிருந்தே கிளைக்கின்றன. ஐந்து குறிப்புகளாக இதை விளக்குகிறேன்.

1. கட்டடத்துக்கு முன்னால் சட்டம்

1298-ல் எட்டாம் போனிஃபாஸ் திருத்தந்தை, வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் மடத்து மதிலைத் தாண்டக் கூடாது என்று சட்டம் செய்தார். அது பல இடங்களில் ஏட்டோடு நின்றது. 1563 டிசம்பரில், திரிதெந்தீன் சங்கத்தின் கடைசி அமர்வில், அந்தச் சட்டத்தை மீண்டும் கடுமையாக வலியுறுத்தினார்கள். கன்னியர் வெளியே போகக் கூடாது. வெளியார் அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.

இப்போது கொத்தனார் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். கன்னியருக்குத் தினமும் பூசை வேண்டும். பூசை செய்பவர் ஆண். அவர் வெளியிலிருந்து வரவேண்டும். கோயிலுக்கு ஊராரும் வருவார்கள். கன்னியர் பீடத்தைப் பார்க்க வேண்டும், ஊரார் கன்னியரைப் பார்க்கக் கூடாது. அவர்கள் பாடுவது கேட்கலாம், முகம் தெரியக் கூடாது. நன்மை (நற்கருணை) வாங்க வேண்டும், பீடத்தண்டை வரக் கூடாது.

இதற்கு ஐரோப்பியக் கட்டடக்காரர்கள் கண்ட வழி இது. கோயிலின் ஒரு முனையில் பீடம். எதிர்முனையை, அதாவது வழக்கமாக வாசல் இருக்கும் இடத்தை, கன்னியருக்கு விட்டுவிட்டார்கள். அங்கே மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பாடல் மண்டபங்கள். இரண்டுக்கும் முன்னால் இரும்புக் கிராதி. முன்வாசல் இருக்க வேண்டிய இடம் போய்விட்டதால், ஊராருக்குப் பக்கச் சுவரில் வாசல் திறந்தார்கள். நன்மை கொடுக்கச் சுவரில் ஒரு சின்னச் சாளரம். பொருள்களை உள்ளே வாங்கவும் வெளியே கொடுக்கவும் சுவருக்குள் சுழலும் மரப்பெட்டி; கொடுப்பவர் முகத்தை வாங்குபவர் பார்க்க முடியாது. போர்ச்சுக்கல், ஸ்பெயின், பிரேசில் என்று எங்கே போனாலும் பழைய மடத்துக் கோயிலுக்குப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வாசல். இந்த அடையாளம் ஒன்று போதும், கோயிலைத் தெருவிலிருந்தே இனம் கண்டுகொள்ளலாம்.

இது நமக்கு அந்நியமான ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மன்னர் காலத்தில் கருங்கல் தூண்களுக்கு நடுவே ஆட்டமும் பாட்டும் நடக்கும். அரச குடும்பத்துப் பெண்கள் மர அழிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அழியின் துளை, உள்ளே இருட்டு, வெளியே விளக்கொளி என மூன்றும் சேர்ந்து வேலை செய்தால்தான் பார்ப்பவர் மறைந்திருக்க முடியும். கோவாவின் கிராதியும் அதே கணக்கில் அமைந்தது.

2. சாந்தா மோனிக்கா

கோவாவின் பேராயராக இருந்த அலெய்ஷோ தெ மெனேசிஸ் இந்த மடத்தை நிறுவினார். நம் வரலாற்று மாணவர்களுக்கு அவர் பெயர் வேறொரு காரணத்தால் தெரியும்: 1599-ல் உதயம்பேரூர் சங்கத்தைக் கூட்டி மலபார் சிரியன் கிறிஸ்தவர்களை உரோமையின் கீழ் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் அகுஸ்தினார் சபைத் துறவி. அதே மேட்டில் அவருடைய சபையின் பெரிய கோயில் இருந்தது. 46 மீட்டர் உயரத்துக்கு எழுந்த அதன் கோபுரத்தின் ஒரு பகுதியே இன்று இடிபாடாக மிஞ்சியிருக்கிறது. அதன் அருகிலேயே பெண்களுக்கு மடம் எழுந்தது. 1606-ல் அடிக்கல், 1627-ல் வேலை முடிந்தது, 1636 டிசம்பரில் பெருந்தீ, உடனே மறுகட்டுமானம். இப்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தீக்குப் பிறகு எழுந்தது.

கட்டடம் ஒரு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் எழுகிறது. முற்றத்தை ஒட்டி வளைவுகள் தாங்கிய நடைகள்.  உள்ளே இருந்தவர்களின் வாழ்க்கை முற்றத்தை நோக்கியே அமைந்தது. நாஞ்சில் நாட்டு நாலுகட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த உள்முற்ற வாழ்க்கை உடனே புரியும். சுவர் வெட்டுக்கல். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் நாம் வீடு கட்டும் அதே சிவப்புக் கல்தான். மண்ணிலிருந்து எடுக்கும்போது கோடாலியால் வெட்டலாம். காற்றுப் பட்டால் இறுகும். ஆனால் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது, தண்ணீர் குடிக்கும். அதனால் மேலே சுண்ணாம்புச் சாந்து பூசியே ஆகவேண்டும். கோவாவின் மழையில் பூச்சு விழுந்த இடமெல்லாம் கறுத்துப்போகும். மூன்று தளம் உயர்த்தி, உள்ளே வளைவுக் கூரைகளின் தள்ளுவிசையையும் தாங்க வேண்டியிருந்ததால்தான் வெளியே அத்தனை பெரிய முட்டுச்சுவர்கள். கோட்டைத் தோற்றத்துக்கு முதல் காரணம் கல்லின் இயல்பு. மதில் சட்டம் அதற்கு அடுத்த காரணம்.

கோயில் இந்தச் சதுரத்தின் ஒரு பக்கமாக நீண்டு கிடக்கிறது. நான் சொன்ன அடையாளம் இங்கே அப்படியே இருக்கிறது. ஊராரின் வாசல் நெடுஞ்சுவரில். உள்ளே நுழைந்தால் ஒரு கைப்பக்கம் பொன்பூசிய பீடம், மறு கைப்பக்கம் கன்னியர் இடம். நுழைந்தவர் நேராகப் பீடத்தைப் பார்ப்பதில்லை. உடம்பைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். மடத்துக் கோயில் என்று தெரியாமல் உள்ளே போகிறவர்களுக்கு ஏதோ முறை மாறியிருப்பதுபோல் ஒரு தடுமாற்றம் வரும். கட்டடக்கலை நூல்களில் இதற்கு ஒருவரி விளக்கம்தான் இருக்கிறது. என் கணிப்பில் இந்தக் கோயிலின் மையமே அந்தத் திரும்பல்தான். அங்கே ஊரார் விருந்தாளிகள். கோயிலின் நீளவாக்கு முழுவதும் கிராதிக்குப் பின்னால் நின்ற பெண்களுக்கும் பீடத்துக்கும் உரியது.

1636 பிப்ரவரி 8-ஆம் தேதி, மடத்திலிருந்த சிலுவையில் இயேசுவின் உருவம் கண்திறந்ததாகவும், காயங்களில் குருதி கசிந்ததாகவும் கன்னியர் சொன்னார்கள். அந்தச் சிலுவையால் இந்தக் கோயில் அழும் சிலுவையின் கோயில் என்றும் பெயர்பெற்றது. இன்றும் நவம்பர் 27-ல் திருவிழா நடக்கிறது.

3. மதிலுக்குள் யார்

கட்டடத்தைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ள முடியாது. மடத்தில் முழு வார்த்தைப்பாடு எடுத்த கறுப்பு முக்காட்டுக் கன்னியர் நூறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு இருந்தது. சேர்வதற்கு வரதட்சிணைபோல ஒரு தொகை கொண்டுவர வேண்டும். அதனால் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் போர்ச்சுக்கீசிய வசதிக் குடும்பத்துப் பெண்களும் விதவைகளும். முதல் தலைவியாக இருந்த பிலிப்பா ஃபெரைரா ஒரு விதவை; மகளோடு வந்து சேர்ந்தவர். மடத்தின் சொத்து பெருகப் பெருக, நகரசபை அரசருக்குப் புகார் எழுதியது: பணமும் போகிறது, மணமுடிக்க வேண்டிய பெண்களும் போகிறார்கள் என்று.

உள்ளே அவர்களுக்கு ஊழியம் செய்யப் பணிப்பெண்களும் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். கிராதிக்குப் பின்னால் ஒரு வரிசை என்றால், அந்த வரிசைக்கும் பின்னால் இன்னொரு வரிசை. ஆவணங்களில் தலைவியரின் பெயர் இருக்கிறது. சமைத்தவர்கள், தண்ணீர் இறைத்தவர்கள் பெயர் அரிது. கோவாவின் புகழ்பெற்ற அடுக்குப் பலகாரமான பெபிங்காவை இந்த மடத்தில் பெபியானா என்ற கன்னி கண்டுபிடித்தாள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியும் இருக்கட்டும். ஓர் அடுக்கு வெந்த பிறகே அதன்மேல் அடுத்த அடுக்கை ஊற்றிச் சுடும் அந்தப் பலகாரத்துக்கு மணிக்கணக்கில் அடுப்படியில் நின்ற கைகள் யாருடையவை என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

1834-ல் போர்ச்சுக்கல் துறவு மடங்களை மூடியது. ஆண்கள் உடனே வெளியேறினார்கள். கன்னியரை இருக்க விட்டார்கள், ஆனால் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று தடை. அரை நூற்றாண்டுக் காலம் அந்த மாபெரும் கட்டடம் ஒவ்வோர் ஆளாகக் காலியானது. கடைசிக் கன்னி இறந்தது 1885-ல். பிறகு படைவீரர்கள் தங்கினார்கள். 1964-ல் இந்தியாவின் துறவுப் பெண்களுக்கு இறையியல் கற்பிக்கும் மாத்தர் தேயி நிலையம் அங்கே வந்தது. கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் 1994-ல் ராய்ச்சூலில் தொடங்கி, பின்னர் இந்த வளாகத்துக்கு மாறியது.

4. முளகுமூடு

கடைசிக் கன்னி கோவாவில் இறந்த பன்னிரண்டாம் ஆண்டு, 1897 நவம்பர் 7-ஆம் தேதி, பெல்ஜியத்திலிருந்து இரண்டு பெண்கள் முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் மரி லூயிஸ் தெ மேஸ்டர். 1857-ல் ரூசலாரே என்ற ஊரில் பிறந்தவர். அப்போது வயது நாற்பது. ஈப்ர் நகரத்தில் அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றிய கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர். உடன் வந்தவர் மரி ஊர்சுல், இன்னும் பயிற்சி நிலையில் இருந்த நவகன்னி. கார்மேல் சபைக் குருக்கள் நடத்திவந்த அனாதைப் பிள்ளைகள் இல்லத்தைப் பொறுப்பேற்கவே அவர்களை அழைத்திருந்தார்கள். முளகுமூடு அப்போது திருவிதாங்கூரில், கல்குளம் தாலுக்காவில், கொல்லம் மறைமாவட்டத்தின் கீழ்.

இங்கே நிகழ்ந்த மாற்றத்தைக் கட்டடத்தில் தேடினால் ஒரு விசித்திரம் தெரியும். கோவாவில் மடத்துக்காகக் கோயில் கட்டினார்கள். இங்கே மறைத்தளமும் அதன் கோயிலும் முன்பே இருந்தன. மடம் அதன் நிழலில் வந்து ஒட்டிக்கொண்டது. ஊர்க் கோயிலின் பூசைதான் கன்னியரின் பூசை. கோயிலின் முனையை அடைத்துப் பாடல் மண்டபம் கட்டவோ, ஊராரின் வாசலைப் பக்கச் சுவருக்குத் தள்ளவோ காரணம் இருக்கவில்லை.

இதற்குச் சட்டப் பின்னணி உண்டு. எளிய வார்த்தைப்பாடு எடுத்து, மதிலுக்கு வெளியே பள்ளியும் மருந்தகமும் நடத்தும் பெண்கள் சபைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருகின. தமிழ்ப் பெண்களுக்கான ஒன்று புதுச்சேரியில் 1844-ல் துயிப்புய் அடிகளாரால் தொடங்கியது. இவர்களும் முழுமையான துறவியரே என்று திருச்சபை முறையாக ஒப்புக்கொண்டது 1900 டிசம்பர் 8-ல்தான், பதின்மூன்றாம் லியோவின் ஆணையால். தெ மேஸ்டர் வந்தது அதற்கு மூன்று ஆண்டு முன்பு. மதில் சூழ்ந்த மரபிலிருந்து வந்த ஒரு பெண் மதில் இல்லாத வாழ்க்கையை இந்த மண்ணில் நடத்திக்காட்டிய பிறகே சட்டம் வந்து சேர்ந்தது. முளகுமூட்டில் பிறந்த அவருடைய சபை 1910-ல் பிலிப்பைன்ஸ் சென்று, பிறகு உலகெங்கும் பரவியது. அவர் 1928-ல் பெல்ஜியத்தின் ஹேவர்லேயில் காலமானார். இன்று மாசற்ற மரியின் இருதய சபை என்ற பெயரில் இயங்கும் அந்த உலகச் சபையின் பிறப்பிடம் அழகியமண்டபத்துக்குப் பக்கத்து ஊர் என்பது இங்கே கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்கே தெரியவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சரி, முளகுமூட்டு இல்லத்து அனாதைப் பிள்ளைகளுக்குச் சோறு எங்கிருந்து வரும்? லேஸ் பின்னலிலிருந்து. ஈப்ர் நகரம் லேஸுக்குப் பேர்போனது. நாகர்கோவிலில் அதற்கு முன்பே, 1821-ல், லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் கற்பிக்கத் தொடங்கியிருந்தார்; அடிமைப் பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்பது நம் மாவட்ட வரலாற்றின் பெருமைமிக்க பக்கம். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல். முளகுமூட்டுக் கன்னியரும் அதே வழியைப் பிடித்தார்கள்.

வயதான ஒரு பெண்மணி லேஸ் பின்னுவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மடியில் இறுகத் திணித்த தலையணை. அதன்மேல் துளையிட்ட மாதிரி அட்டை. துளைதோறும் குண்டூசி. நூல் சுற்றிய மரக்குச்சிகள் இணை இணையாகத் தொங்குகின்றன. அசைவு இரண்டே இரண்டு: குறுக்கே மாற்றுவது, முறுக்குவது. அந்த இரண்டிலிருந்தே பூவும் இலையும் வலையும் வருகின்றன. குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் நிற்காமல் கேட்கிறது. அவர் குச்சியைப் பார்ப்பதே இல்லை, ஊசியைத்தான் பார்க்கிறார்.

இந்த வேலைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். எனவே நீண்ட கூடம், பெரிய சன்னல்கள், அகன்ற திண்ணை. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு மேற்குக் கரை முழுவதும் இத்தகைய நீளக் கூடங்களுக்கு ஓட்டுக்கூரை எளிதாயிற்று. கோவாவின் மடத்தில் கட்டடக்காரரின் உழைப்பெல்லாம் பார்வையை மறைப்பதில் போனது. இங்கே வெளிச்சத்தை உள்ளே கொண்டுவர உழைத்தார்கள். முளகுமூட்டுப் புனித மரியன்னை ஆலயம் 2020-ல் சிறு பேராலயமாக உயர்த்தப்பட்டது. இப்போது 2014-ல் உருவான குழித்துறை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. பேராலயத்துக்குப் போகிறவர்கள் பக்கத்து மடத்தையும் சேர்த்தே ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

5. வடக்கன்குளம் தரும் எச்சரிக்கை

கோயிலுக்குள் போட்ட கோடு பெண்களை மறைக்க மட்டும் இல்லை. ஆரல்வாய்மொழி தாண்டினால் வடக்கன்குளம். 1745-ல் புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர். அங்கே 1872-ல் முடிந்த பெரிய கோயிலுக்கு இரண்டு நடுக்கூடங்கள், இரண்டும் கோணமாக வந்து ஒரே பீடத்தில் சேரும், நடுவே சுவர். ஒரு பக்கம் வெள்ளாளர், மறு பக்கம் நாடார். கால்சட்டை வடிவில் இருப்பதால் அப்படியே ஒரு பட்டப்பெயரும் வந்தது. 1910-ல் கௌசானல் அடிகளார் சுவரை இடித்தார். அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சுவர் திரும்ப எழவில்லை.

சாந்தா மோனிக்காவின் கிராதிக்குத் திருச்சபைச் சட்டம் காரணம். வடக்கன்குளத்துச் சுவருக்குச் சாதி காரணம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. ஆனால் இரண்டையும் கண்டுபிடிக்கும் முறை ஒன்றே: யார் எங்கே நின்றார்கள், எந்த வாசலால் வந்தார்கள். முகப்பின் அழகைப் பாராட்டிவிட்டு வந்தால் வடக்கன்குளம் ஓர் அதிசய வடிவமாக மட்டும் மிஞ்சும்.

இப்போது நம் கவலைக்கு வருகிறேன். 1963 டிசம்பர் 4-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டை வெளியிட்ட பிறகு, பீடங்களை முன்னே நகர்த்தினோம். பீடத்துக்கு முன்னால் நாம் முழந்தாளிட்டு நன்மை வாங்கிய கிராதிகளைப் பல கோயில்களில் எடுத்தோம். அது வழிபாட்டுத் தேவை. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எடுத்த இடத்தின் தடத்தை யாரும் வரைந்து வைக்கவில்லை. அதன்மேல் இப்போது பளபளப்பான தரை ஓடு வந்துவிட்டது. சுண்ணாம்புச் சாந்து பூசிய வெட்டுக்கல் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கல் உதிரும். சுவரையும் கெடுத்து, அடைத்த சாளரத்தின் அடையாளத்தையும் மூடிவிடுகிறோம். திருப்பணிக் குழுவினர் பலர் இங்கே இருக்கிறீர்கள். சிமெண்டு கலவைக்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, பழைய பூச்சை உரித்த சுவரைப் புகைப்படம் எடுங்கள். அடைத்த வாசல், வெட்டிய உத்திரம், தரையில் கிராதிக் கால் ஊன்றிய குழி, இவை அந்த ஒரு நாளில்தான் கண்ணுக்குத் தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் மடத்துக் கோயிலை அளந்து, தரைப்படம் வரையுங்கள். அதில் மூன்று நிறத்தில் மூன்று வழிகள்: குருவானவர் வந்த வழி, கன்னியர் வந்த வழி, ஊரார் வந்த வழி. லேஸ் மாதிரி அட்டைகள் எங்காவது பெட்டியில் கிடந்தால் அவற்றையும் பதிவு செய்யுங்கள். படத்தை எடுத்துக்கொண்டு, ஓய்வில் இருக்கும் மூத்த சகோதரிகளிடம் போங்கள். அவர்கள் மடத்தில் சேர்ந்த புதிதில் எங்கே முழந்தாளிட்டார்கள், பிள்ளைகளை எங்கே உட்கார வைத்தார்கள், எந்தக் கதவு அப்போது பூட்டியிருந்தது என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்டும் இடத்தை அவர்கள் முன்னாலேயே பென்சிலால் குறித்து, தேதி போட்டுக்கொள்ளுங்கள்.